நான் எடுக்காத பாடங்கள்

சென்ற ஆண்டு ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தபோது, எங்கள் பங்குப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்து காத்திருந்தார். கையில் நான்காக மடித்த இரண்டு தாள்கள். ஞானஸ்நானச் சான்றிதழோ திருமண ஓலையோ கேட்க வந்திருக்கிறார் என்றே எண்ணினேன். அவர் தாள்களை விரித்து என் முன் நீட்டினார். கல்வித் தொழில்நுட்பவியலில் முதுகலைப் பட்டம், தொலைநிலைக் கல்வி, இரண்டு ஆண்டுகள். கட்டாயப் பாடங்கள் ஒரு தாளில், விருப்பப் பாடங்கள் மற்றொரு தாளில். விருப்பப் பாடங்களுள் நான்கைத் தேர்ந்து வியாழக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டுமாம்.

“சாமி, இது நீங்க வெளிநாட்டுக்குப் போய்ப் படிச்ச படிப்புதானே? எந்த நாலை எடுக்கட்டும்னு சொல்லுங்க” என்றார்.

எளிய கேள்விதான். அரைமணி நேரத்தில் விடை சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தத் திண்ணையில் அமர்ந்தால் பள்ளிக் கட்டடத்தின் மேற்குக் கோடியிலுள்ள அறை ஒன்று நேராகக் கண்ணில் படும். அதன் கதவில் துருவேறிய பூட்டு ஒன்று தொங்கும். அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டே இவருக்கு என்ன அறிவுரை சொல்வது? “மாலையில் வாருங்கள் டீச்சர், பொறுமையாகப் பார்ப்போம்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மாலைவரை எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

2003 ஆம் ஆண்டு, மறைமாவட்டப் பள்ளிகளில் கணிப்பொறிவழிக் கல்வியை வளர்க்க ஒரு குரு வேண்டும் என்று கருதி, அப்போதைய ஆயர் என்னை அமெரிக்காவுக்கு அனுப்பினார். மத்திய மேற்குப் பகுதியில், கண்ணுக்கெட்டிய தூரம் சோளக்காடு சூழ்ந்த ஒரு பல்கலைக்கழகம். வார இறுதியில் அருகிலிருந்த பங்கு ஒன்றில் திருப்பலி நிறைவேற்றுவது, அவர்கள் தந்த அறையில் தங்குவது, மற்ற நாள்களில் வகுப்புக்குச் செல்வது என்பதாக இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

நான் படித்த குருமடத்தில் மூன்றாண்டு மெய்யியல், நான்காண்டு இறையியல். எதைப் படிக்க விரும்புகிறாய் என்று அந்த ஏழாண்டுகளில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. பரிமாறியதை உண்ணும் பந்தி அது. அமெரிக்காவிலோ முதல் வாரத்திலேயே ஒரு நீண்ட தாளைக் கையில் கொடுத்து, “தேர்ந்துகொள்” என்றார்கள். பட்டத்துக்கு 36 கிரெடிட். ஒரு பாடத்துக்கு மூன்று வீதம் பன்னிரண்டு பாடங்கள். அவற்றுள் ஐந்து கட்டாயம். மீதி ஏழும் என் விருப்பம். முப்பது வயதைக் கடந்த ஒரு குரு, கடைத்தெருவில் முதன்முறையாகக் காசோடு விடப்பட்ட சிறுவனைப் போல நின்றேன்.

அந்தத் தாளில் இருந்த பாடங்கள் இரு வகையின. ஒருவகை, பெயரைக் கேட்டவுடன் கண்முன் ஏதோ ஒன்று தோன்றுபவை: ஃப்ளாஷ் மென்பொருளில் அசைபடம் அமைத்தல், ஆதர்வேர் மென்பொருளில் பாடம் ஆக்குதல், வலைப்பக்க வடிவமைப்பு, எண்ணிம நிகழ்படம். மற்றொரு வகை, பெயரைக் கேட்டாலே கொட்டாவி வருபவை: தேவை ஆய்வு, கல்வித் திட்ட மதிப்பீடு, புதுமைகளின் பரவல், காட்சிச் செய்தி வடிவமைப்பின் கோட்பாடுகள்.

எனக்கு ஆலோசகராக வாய்த்த பேராசிரியை ஓய்வுபெறும் வயதினர். முன்பு தொடக்கப்பள்ளியில் பல ஆண்டுகள் கற்பித்தவர். என் பட்டியலைப் பார்த்தார். முதல் வகையில் இருந்தவை அனைத்தையும் குறித்திருந்தேன். இரண்டாம் வகையில் ஒன்றையும் தொடவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் சொன்னார்: “இந்தக் கருவிகளை ஒரு புத்தகத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு மூன்று வார இறுதிகளில் நீங்களே கற்றுக்கொள்ளலாம். மதிப்பீட்டை அப்படிக் கற்க முடியாது. அதற்கு உங்களை மறுத்துப் பேச எதிரே ஓர் ஆள் வேண்டும்.”

நான் புன்னகைத்தேன். ஏழாண்டு கோட்பாடு படித்தவனுக்கு இன்னும் கோட்பாடா என்பது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. ஆயர் என்மீது நம்பிக்கை வைத்து அனுப்பியிருக்கிறார். ஊர் மக்கள் விமான நிலையம்வரை வந்து வழியனுப்பியிருக்கிறார்கள். திரும்பிச் சென்றதும் அவர்கள் முன் எதையாவது காட்ட வேண்டும். அசைபடத்தைக் காட்டலாம். மதிப்பீட்டை எப்படிக் காட்டுவது? அவர் மேலும் ஒன்றும் சொல்லாமல் கையொப்பமிட்டார். நான் எடுக்காத பாடங்களின் திட்டத்தாள்களையும் நூற்பட்டியல்களையும் மட்டும் ஓர் உறையிலிட்டு என்னிடம் தந்தார்.

2005 இல் திரும்பினேன். இந்தப் பங்கிலேயே நியமனம். பள்ளித் தாளாளர் பொறுப்பும் உண்டு. அடுத்த ஆண்டே கணிப்பொறி அறை எழுந்தது. இருபது கணிப்பொறிகள். பெற்றோர் தந்த தொகை பாதி. மீன் ஏலத்தில் கோயிலுக்கென ஒதுக்கும் பங்கிலிருந்து ஊர்க் கமிட்டி தந்தது பாதி. கடலுக்குப் போன நாள்களைவிடப் போகாத நாள்கள் மிகுந்திருந்த ஆண்டு அது என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

அந்த அறைக்காக நான் ஆக்கிய முதற்பாடம், எட்டாம் வகுப்புக்குரிய இரத்த ஓட்டம். நான்கு மாத உழைப்பு. இதயம் துடிக்கும், அதன் அறைகள் திறந்து மூடும், உடலுக்குச் செல்லும் இரத்தம் செந்நிறத்திலும் திரும்பி வரும் இரத்தம் நீலநிறத்திலும் ஓடும். பாடத்தை நானே தமிழில் பேசிப் பதிவு செய்திருந்தேன். பேசும் சொற்கள் அத்தனையும் திரையின் அடியில் எழுத்துகளாகவும் ஓடின. பின்னணியில் வீணையிசை வேறு. திறப்புவிழாவில் ஆயர் அதைப் பார்த்துக் கைதட்டினார். பிள்ளைகள் மூச்சடக்கிப் பார்த்தார்கள். பெற்றோர் சிலர் கண் கலங்கினர். எனக்கும் கண் கலங்கியது என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

பள்ளியில் அப்போது அறிவியல் ஆசிரியர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசாதவர், இன்று அவர் இல்லை. எட்டாம் வகுப்பு ‘ஏ’ பிரிவைக் கணிப்பொறி அறைக்கு அனுப்பினார். ‘பி’ பிரிவுக்கு மின்சாரம் இல்லாத வேளையே வாய்த்ததால், கசாப்புக் கடையிலிருந்து ஓர் ஆட்டு இதயத்தை வாங்கிவந்து, மேசைமேல் செய்தித்தாள் விரித்து, பிளேடால் அறுத்துக் காட்டினார். பத்து நாள் கழித்து இரு பிரிவுகளுக்கும் ஒரே தேர்வு வைத்தார். 2007 ஆம் ஆண்டின் இறுதி அது. விடைத்தாள்களைச் சணல் கயிற்றால் கட்டி எடுத்துக்கொண்டு இதே திண்ணைக்கு வந்தார்.

இதயத்தின் அறைகள் எத்தனை, வால்வு ஏன் தேவை என்னும் கேள்விகளில் ‘பி’ பிரிவே முன்னே நின்றது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். உடலிலிருந்து திரும்பி வரும் இரத்தத்தின் நிறம் என்ன என்றொரு கேள்வி இருந்தது. ‘ஏ’ பிரிவில் பாதிக்கும் மேற்பட்டோர் ‘நீலம்’ என்று எழுதியிருந்தார்கள்.

“பாடப்புத்தகத்திலும் நீலந்தானே சார் அடித்திருக்கிறார்கள்?” என்றேன், குற்றம் சாட்டப்பட்டவனின் குரலில்.

“ஆமா சாமி. ஆனா புத்தகத்துல இருக்கிறது படம்னு பிள்ளைகளுக்குத் தெரியும். உங்க படம் அசைஞ்சுது. அதனால நிசம்னு நம்பிட்டாங்க” என்றார். கட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு, “நீங்களே வச்சுக்கோங்க” என்று சொல்லிப் போய்விட்டார்.

அன்றிரவுதான் பேராசிரியை தந்த உறையைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்தேன். நான் எடுக்காத பாடங்களின் நூற்பட்டியல்களில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துப் படிக்கச் சில ஆண்டுகள் ஆயின. நூலகம் இல்லாத கடற்கரைக் கிராமத்தில் அது எளிதன்று.

காட்சிச் செய்தி வடிவமைப்பின் பட்டியலில் முதலில் நின்றது ரிச்சர்டு மேயர் என்னும் உளவியலாளர் 2001 இல் வெளியிட்ட பல்லூடகக் கற்றல் பற்றிய நூல். படத்தோடு பேச்சும் வரும்போது அதே பேச்சைத் திரையில் எழுத்தாகவும் ஓட்டினால் கற்றல் குறைகிறது. கண் படத்துக்கும் எழுத்துக்கும் இடையே அலைகிறது. தொடர்பில்லாத பின்னணி இசையும் கற்றலைக் குறைக்கிறது. சோதனைக்குமேல் சோதனையாக வைத்து இதை அவர் காட்டியிருந்தார். நான் அந்தப் பல்கலைக்கழக வாசலில் காலடி வைப்பதற்கு இரண்டாண்டு முன்பே அச்சாகிவிட்ட நூல்! எழுத்து, பேச்சு, வீணை என்று அவர் விலக்கிய அனைத்தையும் ஒரே பாடத்தில் திரட்டி, நான்கு மாதம் பாடுபட்டு, ஆயரைக் கொண்டு திறந்துவைத்திருந்தேன்.

மதிப்பீட்டுப் பாடத்தின் பட்டியலில் ரிச்சர்டு கிளார்க்கு 1983 இல் எழுதிய கட்டுரை இருந்தது. ஊடகம் என்பது பாடத்தைச் சுமந்து வரும் வண்டி மட்டுமே; காய்கறியைக் கொண்டுவரும் லாரியை மாற்றினால் உண்பவனின் உடல்நலம் மாறிவிடுமா என்பது அவருடைய வாதத்தின் சாரம். ராபர்ட் கோஸ்மா என்பவர் அதை மறுத்து, சில ஊடகங்களால் மட்டுமே சில வகையான சிந்தனையை எழுப்ப முடியும் என்று 1990-களில் வாதிட்டார். இருவரில் யார் சரி என்னும் வழக்கு அத்துறையில் இன்னும் முடிந்தபாடில்லை. என்னைக் கேட்டால் கோஸ்மா பக்கமே சற்றுச் சாய்வேன். இதயத்தின் வால்வு திறந்து மூடுவதைச் சுண்ணக்கட்டியால் காட்ட முடியாது. ஆட்டு இதயமும் துடிப்பதில்லை. ஆயினும் அந்த வழக்கு ஒன்று இருப்பதையே அறியாமல் பட்டம் பெற்றேன் என்பதுதான் என்னை உறுத்தியது.

புதுமைகளின் பரவல் என்னும் பாடத்துக்குரிய நூல் எவரெட் ரோஜர்ஸ் 1962 இல் எழுதியது. பெரு நாட்டின் லாஸ் மோலினோஸ் என்னும் சிற்றூரில், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்குமாறு மக்களைப் பழக்க ஒரு சுகாதாரப் பணிப்பெண் இரண்டாண்டு பாடுபட்ட கதை அதில் வருகிறது. சுமார் இருநூறு குடும்பங்களில் பதினொன்று மட்டுமே புதிதாக இணங்கின. காய்ச்சிய நீர் நோயாளிக்குரியது என்பது அவ்வூரின் நம்பிக்கை. அந்தப் பெண் கிருமியைப் பற்றிப் பேசினாரே ஒழிய, அந்த நம்பிக்கையைக் கேட்டறியவில்லை. படித்துவிட்டு, எங்கள் பள்ளியில் அந்த அறிவியல் ஆசிரியரை ஒரு நாளாவது அழைத்து, “இந்த அறை உங்களுக்கு எதற்குப் பயன்படும்?” என்று கேட்டேனா என்று எண்ணிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஒலிபெருக்கி வந்த காலத்தில், பின்வரிசைப் பாட்டிக்குப் பிரசங்கம் இப்போதாவது விளங்குகிறதா என்று எந்தக் குருவும் கேட்டதில்லை; அதே பழக்கம்.

அதே பெரு நாட்டில் 2008 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறிய மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. 319 ஊரகப் பள்ளிகளில் நடத்திய ஆய்வு 2012 இல் வெளிவந்தது: கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகளின் மதிப்பெண் உயரவில்லை. மாறாக, தில்லியில் பள்ளி நேரத்துக்குப் பின் நடந்த மையங்களில் ஒரு மென்பொருளைச் சோதித்து 2019 இல் வெளியிட்ட ஆய்வில், நாலரை மாதத்துக்குள் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. அந்த மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்த வகுப்பின் நிலையில் நிற்கிறது என்று முதலில் கண்டுகொண்டு, அங்கிருந்து தொடங்கியது. குஜராத்தில் 2008 இல் வெளிவந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. ஒரே வகையான கணிப்பொறிப் பாடம். ஆசிரியர் கற்பிக்கும் நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு நடந்த இடத்தில் பிள்ளைகள் பின்தங்கினர். பள்ளி முடிந்தபின் கூடுதலாக நடந்த இடத்தில் முன்னேறினர். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இரண்டு அறைகளும் ஒன்றுபோலத்தான் தோன்றியிருக்கும். ஒருவர் உட்கார்ந்து அளந்ததால்தான் வேறுபாடு வெளிப்பட்டது.

இதற்கெல்லாம் நம் நாடு புதியதன்று. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையால் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுசென்றார்கள். மக்கள் எதைக் கண்டார்கள், எதைக் கற்றார்கள் என்றறியச் சமூக ஆய்வாளர்களையும் அத்திட்டத்தின் பகுதியாகவே கிராமங்களுக்கு அனுப்பினார்கள். எனக்கு முப்பதாண்டு முன்னரே எம்மவர் செய்துவைத்த வேலை!

எங்கள் அறையின் பிற்பகுதிக் கதையை நீட்டவில்லை. உப்புக்காற்று கணிப்பொறிகளை அரித்தது. 2012 இன் மின்வெட்டில் பேட்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. நான் 2011 இலேயே மாற்றலாகிப் போயிருந்தேன். ஆதர்வேரை அதன் நிறுவனம் 2007 இல் கைவிட்டது. ஃப்ளாஷுக்கு 2020 டிசம்பர் 31 இறுதிநாள். இரண்டாம் முறையாக இந்தப் பங்குக்கு நான் வந்தபோது அறை பூட்டியே கிடந்தது. என் பட்டச் சான்றிதழ் மங்காமல் இருக்கிறது. அதிலுள்ள பாடங்களுள் இரண்டு இன்று திறப்பதில்லை.

மாலையில் டீச்சர் வந்தார். இதே பள்ளியில் படித்து, இதே பள்ளிக்கு ஆசிரியையாகத் திரும்பியவர். பகலெல்லாம் நினைத்தவற்றை அவரிடம் கொட்டினேன். பிறகு தாளை எடுத்து, கல்வித் திட்ட மதிப்பீடு, புள்ளியியல், காட்சி வடிவமைப்பு, கல்வி மாற்றமும் பரவலும் என்று நான்கை நானே பென்சிலால் குறித்தேன். பல்லூடகத் தயாரிப்பு, கல்வி விளையாட்டுகள், செயற்கை நுண்ணறிவும் கல்வியும் ஆகியவற்றின்மேல் கோடிட்டேன். “இதெல்லாம் இன்றைய ஃப்ளாஷ், டீச்சர்” என்றேன். சொன்னபோது எனக்கு மிகத் தெளிவாகவே இருந்தது.

அவர் சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “கண்பார்வை குறைஞ்ச பிள்ளைகளுக்கான தொழில்நுட்பம்னு ஒண்ணு இருக்குதே, சாமி. அதை நான் எடுத்தே ஆகணும்” என்றார். ஒன்பதாம் வகுப்பில் ஒரு சிறுமி கரும்பலகையைத் தொட்டால்தான் எழுத்தைக் காண்பாள். திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்று உண்டு, பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் உருவாக்கியது, தமிழையும் வாசிக்கும். அதன் பெயரைக்கூட அவர் அறிந்து வைத்திருந்தார். அந்தச் சிறுமியை ஞாயிறுதோறும் நன்மை வழங்கும் வரிசையில் காண்கிறேன். அவளுக்காக இப்பாடத்தைக் குறிக்க எனக்குத் தோன்றவில்லை.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபின் நடந்ததையும் அவர் சொன்னார். அரசின் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடுகிறது. பிள்ளைகள் பார்க்கிறார்களா என்றறிய வீடுவீடாகப் போனார். இரவெல்லாம் வலை வீசிவிட்டு வந்து பகலில் உறங்கும் தந்தை. வீட்டுக்கு ஒரே அறை. தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்ட முடியாது. பிள்ளைகள் ஊமைப்படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றுமுதல் கணக்குகளைத் தாளில் எழுதி நகலெடுத்து, வாசலில் கொடுத்து, மறுவாரம் திருத்தி வாங்கினாராம். தேவை ஆய்வு என்னும் பாடத்தில் இதைவிட என்ன சொல்லித் தரப்போகிறார்கள் என்று தெரியவில்லை.

“நீங்க சொல்ற மதிப்பீடு வேணும் சாமி. நிச்சயமா எடுக்கிறேன். காட்சி வடிவமைப்பும் சரி. ஆனா செயற்கை நுண்ணறிவையும் எடுப்பேன்” என்றார்.

“எதற்கு? நீங்கள் படித்து முடிப்பதற்குள் பாதி பழசாகிவிடுமே.”

“ஆகட்டும். மேல்நிலைப் பள்ளி ஒண்ணுல அந்தச் சான்றிதழ் இருந்தா சம்பளம் கூட்டித் தர்றதாச் சொல்லியிருக்காங்க. மதிப்பீடுன்னு சான்றிதழ் கொண்டுபோனா யாரும் கேக்க மாட்டாங்க, சாமி.” சற்றுத் தயங்கினார். “வளையலை மீட்கணுமே.”

அப்போதுதான் அவர் கைகளைக் கவனித்தேன். கண்ணாடி வளையல்கள் மட்டும் இருந்தன.

நான் பேசாதிருப்பதைக் கண்டு, தேற்றுபவர்போலத் தொடர்ந்தார். “நீங்களும் அந்தப் படம் பண்ணக் கத்துக்கிட்டு வந்ததாலதானே சாமி அறை கட்டக் காசு வந்துச்சு? 2011 இல அரசு கொடுத்த இலவச மடிக்கணினி எனக்குப் பிளஸ் டூவில கிடைச்சுது. அதுல விசைப்பலகை தேயத் தேயப் படிச்சுத்தான் பி.எஸ்சி. முடிச்சேன். என்னை யாரும் வந்து அளந்து பாக்கல.”

அவர் சொன்னதை மறுக்க என்னிடம் ஆய்வு எதுவும் இல்லை. பென்சில் கோட்டை அழிக்க அழிப்பான் தேடினேன், கிடைக்கவில்லை. அவரே விரலால் தேய்த்து, கோட்டின் மேலேயே சரி என்று குறியிட்டுக்கொண்டார். புள்ளியியலும் பரவலும் போயின. பரவல் போனதில் எனக்கு இன்றும் வருத்தமே.

நான்கு மாதம் கழிந்து மீண்டும் வந்தார். மதிப்பீட்டுப் பாடத்துக்கு முதற்பணி வந்துவிட்டதாம்: முடிந்துபோன கல்வித் திட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது என்ன செய்ய முயன்றது, என்ன செய்தது என்று சான்றுகளோடு எழுத வேண்டும். “நம்ம கணிப்பொறி அறையை எடுத்துக்கலாமா சாமி?” என்று கேட்டார். கேட்டவருக்கு அச்சம் இருந்தது தெரிந்தது. கேட்கப்பட்டவனுக்கும் இருந்தது.

சாவியைக் கொடுத்தேன். பிறகு உள்ளே சென்று, அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்தச் சணல்கட்டை எடுத்துவந்தேன். நான்கு பங்குகள் மாறியபோதும் அது என்னோடே வந்திருக்கிறது. எறிய மனமில்லை, பிரிக்கத் துணிவுமில்லை. கயிறு அவர் கைபட்டதும் இற்று அறுந்தது. தாள்களை ‘ஏ’, ‘பி’ என்று இரண்டாகப் பிரித்து, நோட்டில் கோடு போட்டு எண்ணத் தொடங்கினார். ‘நீலம்’ என்று எழுதிய முதல் தாளைக் கண்டு சிரித்தார். அடுத்தடுத்த தாள்களுக்குச் சிரிக்கவில்லை.

“நீங்கள் எந்தப் பிரிவு டீச்சர், அப்போது?”

“‘பி’ பிரிவு சாமி. அந்த ஆட்டு இதயத்தை நான் தொட்டுப் பாத்தேன். வாத்தியார் விரலை உள்ள விட்டு வால்வைக் காட்டினாரு. இன்னும் அந்தக் குளிர்ச்சி நினைவிருக்கு.” ஒரு தாளைத் திருப்பி வைத்தார். “ஆனா அன்னைக்கு நாங்க எல்லாரும் அழுதோம். ‘ஏ’ பிரிவுக்கு மட்டும் கணிப்பொறி அறை, எங்களுக்கு ஆட்டு இதயமான்னு. அன்னைக்கு நினைச்சதுதான் சாமி, இந்தப் படிப்பைப் படிக்கணும்னு.”

சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணலானார்.